பார்டருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: எந்த வீட்டை வாங்குவது?

கேள்வி: தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை அருகே வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37, தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு 41, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி வேலை, தினமும் வேலந்தாவளம் வழியாகப் போய் வருகிறார். இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 79,000 ரூபாய். சேமிப்பு 11 லட்சம், அப்புறம் கொஞ்சம் நகை. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார்.

இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். முதலாவது கேரளப் பக்கம், 14 வில்லாக்கள் கட்டும் ஒரு இடத்தில். 5 சென்ட், 1,400 சதுர அடி, விலை 52 லட்சம். வேலை இன்னும் முடியவில்லை. 3 கிலோவாட் சோலாரும் விலைக்குள் அடக்கம், அதனால் கரண்ட் பில்லே வராது, இன்வெர்ட்டரும் வேண்டாம் என்கிறார் புரோக்கர். இந்த மாதமே 8 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் இனம் 'நிலம்' என்று இருக்கிறது.

இரண்டாவது தமிழ்நாட்டுப் பக்கம், கந்தே கவுண்டன் சாவடி அருகே, 4 சென்டில் 2014-ல் கட்டிய வீடு, 44 லட்சம். பத்திரமும் பட்டாவும் 2019-ல் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கின்றன. வீடு துபாயில் இருக்கும் மூத்த மகன் பங்குக்கு வந்தது என்று சொல்லி, அவர் கொடுத்த பவரை வைத்துத் தம்பி விற்கிறார். தாயார் இருக்கிறார். ஒரு தங்கை, கொல்லங்கோட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டதால் அவருக்குப் பங்கில்லையாம். 10 லட்சம் ரொக்கமாக வேண்டும், பத்திரத்தில் 34 லட்சம் காட்டினால் போதும் என்கிறார்கள். வீடு மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை என்பது சகோதரியின் கவலை.

வங்கி 90 சதவீதம் தரும், குறைவதற்கு நகையை அடகு வைக்கலாம், என் பேரில் பதிந்தால் செலவு மிச்சம், வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு. இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் 'எதை வாங்கலாம்?' என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரி, அவசரப்படாமல் இரண்டு வீட்டுக் காகிதத்தையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள், அது ரொம்ப நல்லது. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் இரண்டு வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் வீடு உங்கள் கைக்கு மீறியது, அதன் காகிதமும் சரியில்லை. இரண்டாவது வீடு உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அதை விற்க வேண்டியவர்கள் எல்லோரும் இன்னும் உங்கள் முன்னால் வரவில்லை. நம் எல்லைப் பகுதியில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் கேள்விப்பட்ட விதியை அடுத்த மாநிலத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்த்துவிடுகிறோம். உங்கள் கணக்கிலும் சில இடங்களில் அது நடந்திருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கையில் எவ்வளவு வேண்டும்

90 சதவீதம் கடன் என்பது 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத்தான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம். பத்திரச் செலவை அந்த மதிப்போடு சேர்த்துக் கணக்குப் போடவும் மாட்டார்கள், அதை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கேரளத்தில் முத்திரை வரி 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம். பெண் பேரில் பதிந்தால் குறையும் என்று நீங்கள் கேள்விப்பட்டது தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் வந்த சலுகை, அதுவும் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் மட்டும்தான். நீங்கள் பார்க்கும் இரண்டு வீட்டுக்கும் அது கிடையாது. ஆனாலும் உங்கள் பேரையும் சேர்த்துக் கூட்டாகவே பதியுங்கள். சம்பாதித்துத் தவணை கட்டுபவர் நீங்களும்தானே, வீட்டில் உங்கள் உரிமை காகிதத்தில் இருக்கட்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வில்லாவுக்கு வங்கி தரக்கூடியது அதிகபட்சம் 41 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் பங்கு 10 லட்சத்து 40 ஆயிரம், பதிவு 5 லட்சத்து 20 ஆயிரம். இதோடு, வேலை முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுத்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம். கட்டி முடித்து முடிவுச் சான்று வாங்கிய பிறகே முழுப் பணமும் கைமாறினால் அந்த வரி கிடையாது. இந்த மாதமே அட்வான்ஸ் என்று அவர்கள் அவசரப்படுத்தும்போது இந்த விஷயத்தை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆக மொத்தம் 18 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும், உங்களிடம் இருப்பது 11. சாவடி வீட்டுக்கு உங்கள் பங்கு 8 லட்சத்து 80 ஆயிரம், பதிவு சுமார் 3 லட்சத்து 96 ஆயிரம், மொத்தம் 12 லட்சத்து 76 ஆயிரம். விலையில் இரண்டு மூன்று லட்சம் குறைத்தால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான்.

அடுத்து தவணை. 8.5 சதவீத வட்டி என்று வைத்துப் போடுகிறேன், உங்கள் வங்கி சொல்லும் வட்டியைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். 41 லட்சத்து 60 ஆயிரத்துக்கு 20 வருடம் என்றால் மாதம் சுமார் 36,100. உங்கள் வருமானத்தில் பாதியை நெருங்குகிறது. அதோடு உங்கள் கணவர் தனியார் கம்பெனி வேலையில் இருப்பவர், 58-ல் ஓய்வு என்றால் இன்னும் 17 வருடம்தான். அவருக்கு 61 வயது வரை ஓடும் கடனை இன்றைய சம்பளத்தை நம்பி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 30 லட்சம் கடனை 17 வருடத்தில் அடைத்தால் தவணை 28,000-க்குள் நிற்கும், உங்கள் குடும்பம் மூச்சு முட்டாமல் கட்டக்கூடியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மாறும் வட்டியில் எடுத்தால், இடையில் போனஸ், சீட்டுப் பணம் எது வந்தாலும் அபராதம் இல்லாமல் அசலில் கட்டிக் குறைக்கலாம்.

நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். வீட்டுத் தவணை ஓடும்போதே நகைக்கும் வட்டி ஓடும், அவசரத்துக்கு எடுக்க வேறெதுவும் இருக்காது. கட்டாயம் என்றால் தேவையில்லாத இரண்டொரு நகையை விற்றுவிடுவது அதைவிட மேல், ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் வற்புறுத்தி அல்ல. வருமான வரிச் சலுகையைப் பொறுத்தவரை, நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைப்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருந்தால் அது இல்லை. கணவரின் கம்பெனியில் எந்த முறையில் வரி பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்தச் சலுகையைக் கணக்கில் சேருங்கள்.

ரசீதில் இருக்கும் அந்த 'நிலம்'

பஞ்சாயத்து பெர்மிட் கொடுத்திருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கேரள வருவாய்ப் பதிவில் வீட்டு மனை என்றால் 'புரயிடம்' என்று இருக்கும், 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல் வகை. 2008-ல் வந்த நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது சின்ன விஷயமே இல்லை. அந்த சர்வே எண் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) இருக்கும் டேட்டா பேங்க் என்கிற நெல்வயல் பட்டியலில் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்திருந்தால் அதிலிருந்து நீக்க வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்டிஓவிடம் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் ரசீதில் மட்டும் நிலம் என்று இருந்தால், 50 சென்ட் வரை தரம் மாற்ற படிவம் 6. இதைச் செய்து முடித்து, கரம் ரசீது புரயிடம் என்று மாறி வர வேண்டியது விற்பவர் பொறுப்பு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால், அந்த வேலையும் செலவும் ஆபத்தும் உங்கள் தலையில் வந்து விழும் என்று பொருள். தரம் மாறாத இடத்துக்கு நல்ல வங்கிகள் கடன் கொடுக்கவே தயங்கும்.

14 வீடு கட்டி விற்கும் திட்டம் என்பதால் அது வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் கேரள ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. 52 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 20 ஆயிரம், உங்களிடம் கேட்பது 8 லட்சம். இந்த ஒரு விஷயமே எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கையைக் குறைக்கிறது.

தண்ணீர் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீடுகளை உங்களுக்கே தெரியும். மழை முடிந்த கையோடு போய்ப் பார்த்தால் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும், ஏப்ரலில் என்ன நிலைமை என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

தங்கையும் தாயாரும் கையெழுத்துப் போடாமல் வேண்டாம்

சாவடி வீட்டில் உங்களை மிகவும் எச்சரிக்க வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் குடும்பம் இந்துக் குடும்பம், வீடு அப்பா சம்பாதித்தது, அவர் உயில் எழுதவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயார், இரண்டு மகன்கள், மகள் நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள் என்பதற்கும் இந்தப் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தங்கை இன்றைக்கு அண்ணன்மாரோடு சுமுகமாக இருக்கலாம், நாளைக்கு அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ ஒரு தேவை வந்தால் கோர்ட்டுக்கு வருவார், வர அவருக்கு முழு உரிமையும் உண்டு. மூத்தவரின் பவரை வைத்துத் தம்பி விற்க முடிவது மூத்தவரின் கால் பங்கை, தன் கையெழுத்தால் தன் கால் பங்கை. ஆக, 44 லட்சம் கொடுத்து நீங்கள் வாங்குவது பாதி வீடு.

வழி இருக்கிறது. வாரிசுச் சான்றை வாங்கிக்கொண்டு, நான்கு பேரும் சேர்ந்து விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அல்லது தாயாரும் தங்கையும் தம்பியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மூத்தவர் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து, பட்டாவும் அவர் பேருக்கு மாறிய பிறகு அவர் விற்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், அது நேரானது, ஒரே நாளில் முடியும். தங்கை மனமொப்பிக் கையெழுத்துப் போடுகிறாரா, அவருக்குச் சேர வேண்டியது சேருகிறதா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்பதிலும் தப்பில்லை.

துபாயிலிருந்து வரும் பவர், அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வரி கட்டியதாக இருக்க வேண்டும். பதியும்போது பவர் கொடுத்தவரின் உயிர்ச் சான்றும் கேட்பார்கள். பவர் மட்டும் எழுதிக்கொண்டு கிரயம் பதியாமல் குடிபோகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பவர் வைத்து மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பது 50 லட்சத்திலிருந்துதான், நம்முடையது 44 என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியாவில் வசிப்பவரிடம் வாங்கும்போது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் தொகைக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது, அவர் பங்குக்குரிய பணத்தில் மூலதன ஆதாய வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. நீண்டகால ஆதாயத்துக்கு இப்போது 12.5 சதவீதம், அதன் மேல் செஸ். பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். அவருக்கு உண்மையான ஆதாயம் குறைவு என்றால், வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை அவரே வாங்கி வரட்டும். கல்ஃபில் இருப்பவர்களின் வீடுகள் நிறையக் கைமாறும் ஊர் நம்முடையது, இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டு திண்டாடுபவர்கள் பலர்.

அந்த 10 லட்சம் ரொக்கம்? வேண்டாம். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். உங்களுக்கும் நஷ்டம்தான். பத்திரத்தில் 34 லட்சம் என்றால் வங்கி அந்த மதிப்புக்குத்தான் கடன் தரும், மேலே சொன்ன வரம்புப்படி அதிகபட்சம் 30 லட்சம், மீதி 14 லட்சத்தோடு பதிவுச் செலவும் சேர்த்துக் கிட்டத்தட்ட 17 லட்சத்தைக் கையிலிருந்து எடுக்க வேண்டும். அது உங்களிடம் இல்லை.

இவை தவிர வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு, தாய்ப்பத்திரம், மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்பது, இவற்றையும் பாருங்கள். மலையடிவாரத்துச் சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையமான ஹாகாவின் பட்டியலில் வரும், அதையும் சர்வே எண் சொல்லி விசாரித்துவிடுங்கள். வங்கி வக்கீல் பார்த்துவிட்டாரே என்று இருந்துவிடாதீர்கள், அவர் பார்ப்பது வங்கிக்காக.

சோலாரும் மேற்கு வெயிலும்

பேட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் இன்வெர்ட்டர் வேண்டாம் என்பது தவறு. பில்லே வராது என்பதும் சரியில்லை, நிலைக் கட்டணம் இருந்துகொண்டே இருக்கும். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். நீங்கள் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் செலவழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், 3 கிலோவாட் 700-க்கு மேல் தரும், அவ்வளவு உங்களுக்கு வேண்டாம். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 மானியம், அது மின் இணைப்பு வைத்திருப்பவரின் வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டு விலைக்குள் சோலாரை அடக்கும்போது நடப்பது என்னவென்றால், 2 லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 20 வருடம் வீட்டுக் கடன் வட்டி கட்டி 4 லட்சத்துக்கு மேல் கொடுத்து முடிப்பீர்கள். குடிபோய் ஒரு வருடம் ஆகட்டும், எல்லாப் பருவத்து பில்லையும் பார்த்துவிட்டுத் தேவையான அளவுக்கு உங்கள் பேரில் போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேனலைத் தாங்கும் சட்டத்தை அந்தக் காற்றுக்குத் தகுந்தபடி மொட்டை மாடியில் இறுக்கச் சொல்லுங்கள்.

சாவடி வீட்டு வெக்கைக்கு ஏசி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் பெரும்பங்கு மொட்டை மாடி வழியாகத்தான் இறங்குகிறது. முதலில் கசிவு, விரிசல் இருந்தால் சரிசெய்து, வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயிண்டோ கூல் டைலோ போடுங்கள், ராத்திரிப் படுக்கும்போதே வித்தியாசம் தெரியும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ சன்ஷேடோ வேண்டும், உள்ளே திரை போடுவதால் பெரிய பயனில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே. இடம் இருந்தால் மேற்கே ஒரு வேம்பு. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் எடுக்கும். நாலு ஃபேனை மாற்றி, தினம் 10 மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 108 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் மீதமிருக்கும் 272-ல் நீங்கள் காசு கொடுப்பது 172 யூனிட்டுக்குத்தான். மாமியார் படுக்கும் அறையை மேற்குப் பக்கம் வைக்காதீர்கள், வயதானவர்கள் வெக்கையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவம் போன்ற படிப்புகளின் சேர்க்கையில் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைப் பார்ப்பார்கள். வீடு எந்தப் பக்கம், பள்ளி எந்தப் பக்கம் என்பதைச் சேர்த்தே முடிவெடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வில்லாக்காரர்களிடம் ரெரா எண்ணும், புரயிடம் என்று மாற்றிய உத்தரவின் நகலும் கேளுங்கள், இரண்டும் வராவிட்டால் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். சாவடி வீட்டுத் தம்பியிடம், நாலு பேரும் கையெழுத்துப் போடுவதானால், முழுத் தொகையும் வங்கி வழியாக, 41 லட்சத்துக்குப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், பவர் மூன்றின் நகலையும் எனக்கு அனுப்புங்கள், அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் என்னென்ன நிபந்தனை எழுத வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.